குற்றாலத்துக்கு எதுக்கு ஹீட்டர்?

‘பைபாஸ்’ என்றால் நமக்கு இரண்டு சங்கதிதான் தெரியும். ஒன்று, ஊருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போகும் சாலை. இன்னொன்று, நெஞ்சைத் திறந்து டாக்டர்கள் செய்யும் ஆபரேஷன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று தெரியும். ஹீட்டர் பைபாஸ்!

டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஹீட்டர் ஒழுக ஆரம்பித்தால், அதற்குள் போகும் வெந்நீர்க் குழாயையும் அதிலிருந்து திரும்பி வரும் குழாயையும் மெக்கானிக் கழற்றுவார். இரண்டையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்து, ஆளுக்கொரு கிளிப் போட்டு முடுக்கிவிடுவார். ஹீட்டர் அனாதையாகிவிடும். வண்டி ஓடும். செங்கோட்டை, தென்காசிப் பக்கம் என்றால் கூடவே ஒரு சமாதானமும் கிடைக்கும்: “நம்மூர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு அண்ணாச்சி? விடுங்க!”

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால் கதையைக் கொஞ்சம் பின்னால் ஓட்ட வேண்டும்.

1888, ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியில் மான்ஹைம் நகரம். பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் செய்துவைத்திருந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியைக் கிளப்பினார். இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த அம்மா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். உலகின் முதல் நீண்டதூர கார் பயணம் அதுதான். வழியெல்லாம் அவரைப் படுத்தியது எது தெரியுமா? தண்ணீர்! என்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருந்தது. தண்ணீர் கண்ட இடத்தில் எல்லாம் நிறுத்தி ஊற்ற வேண்டியிருந்தது.

சுட்ட தண்ணீரை ஆற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்த என்ன வழி? மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் வில்ஹெல்ம் மைபாக் முக்கியமானவர். 1900-ல் அவர் உருவாக்கிய மெர்சிடிஸ் காரில் 8,070 குட்டிக் குழாய்களைத் தேன்கூடு மாதிரி அடுக்கி ஒரு ரேடியேட்டர் வைத்தார். முன்னால் காற்று, உள்ளே தண்ணீர். தண்ணீர் ஆறி மறுபடி என்ஜினுக்குப் போனது. இன்று நம் வண்டிகளில் இருப்பதெல்லாம் அந்தத் தேன்கூட்டின் வாரிசுகள்தான்.

ஒரு கணக்கு பாருங்கள். நீங்கள் போடும் பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. ஒரு பங்கு சைலன்ஸர் வழியாகப் புகையோடு போகிறது. இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கரைகிறது. அதாவது, காசு கொடுத்து வாங்கிய சூட்டை ஊருக்குத் தானம் செய்கிறோம்!

பனிநாட்டுக்காரர்களுக்கு இது உறுத்தியது. ஆரம்ப காலத்தில் அவர்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் கார் ஓட்டினார்கள். புகைக்குழாயின் சூட்டைக்கூட உள்ளே திருப்பிப் பார்த்தார்கள். அதில் விஷவாயு கசியும் ஆபத்து இருந்தது. பிறகுதான் என்ஜினிலிருந்து வரும் வெந்நீரில் கொஞ்சத்தை டேஷ்போர்டு பக்கம் திருப்பி, அங்கே ஒரு குட்டி ரேடியேட்டர் வைத்து, பின்னால் ஒரு ஃபேனையும் சுழலவிட்டார்கள். 1938-ல் அமெரிக்காவின் நாஷ் கம்பெனி, வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஆக, ஹீட்டர் என்பது தனி அடுப்பு ஒன்றும் இல்லை. இரண்டாவது ரேடியேட்டர்! இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, 1950-களின் கடைசியில் இங்கே அம்பாசடர் ஆனது. இத்தாலியின் ஃபியட் 1100, பிற்பாடு பிரீமியர் பத்மினி ஆனது. மெட்ராஸிலேயே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் தயாரானது. மூன்றும் குளிர் தேசத்து வடிவங்கள். ஆனால், இங்கே ஓடியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஹீட்டர் கிடையாது. பிறக்கும்போதே பைபாஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! யாரும் குறை சொல்லவில்லை. மலை ஏறுகிறவர்கள் டிக்கியில் ஒரு கேன் தண்ணீர் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஏசி கார்கள் பெருகியபோதுதான் ஹீட்டரும் அதே பெட்டிக்குள் கூட்டாளியாக உட்கார்ந்து வந்தது. ஒரு பக்கம் நீலம், மறு பக்கம் சிவப்பு போட்ட குமிழ். சிவப்புப் பக்கம் நாம் கை வைத்ததே இல்லை.

இங்கேதான் இரண்டாவது அலட்சியம் வருகிறது. ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட்! 1927-ல் அமெரிக்காவில் எத்திலீன் கிளைக்கால் சேர்ந்த திரவம் ‘பிரெஸ்டோன்’ என்ற பெயரில் கடைக்கு வந்தபோது, தண்ணீர் உறையாமல் இருக்கத்தான் விற்றார்கள். பெயரே ஆன்டிஃப்ரீஸ். ‘ஐஸே உறையாத ஊரில் இது எதற்கு?’ என்று நாம் போர்வெல் தண்ணீரை ஊற்றினோம். ஆனால், கூலண்டுக்கு இன்னும் இரண்டு வேலைகள் உண்டு. தண்ணீர் சீக்கிரம் கொதிக்காமல் பார்த்துக்கொள்ளும். உலோகத்தை அரிப்பிலிருந்து காக்கும். உப்புத் தண்ணீர் இது எதையும் செய்யாது. துருவும் உப்புப் படிவும் ஹீட்டரின் மெல்லிய குழாய்களில் தங்கி அரிக்கும். ஒருநாள் ஓட்டை விழும். ஹீட்டர் வேண்டாம் என்று நினைத்தோம், கூலண்ட் வேண்டாம் என்று நினைத்தோம். இரண்டாவது அலட்சியம் முதலாவதைத் தின்றுவிட்டது!

ஒழுகுகிறது என்று எப்படித் தெரியும்? முன்சீட்டுக் காலடியில் விரிப்பு நனைந்திருக்கும். ஏசி தண்ணீராகவும் இருக்கலாம். தொட்டுப் பாருங்கள். ஏசி தண்ணீர் என்றால் வெறும் ஈரம். கூலண்ட் என்றால் பிசுபிசுக்கும், தித்திப்பாக ஒரு வாசனை வரும், முன் கண்ணாடியில் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம் மாதிரி படியும். தித்திப்பு வாசனை என்று அசட்டையாக இருக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம். குழந்தைகளையும் நாயையும் கிட்டே விடக் கூடாது.

அப்படியானால் பைபாஸ் தப்பா? இல்லை. வழியில் ஒழுக ஆரம்பித்தால் அதுதான் சரியான முதலுதவி. தண்ணீர் குறைந்தால் என்ஜின் கொதிக்கும், ஹெட் கேஸ்கெட் போகும், செலவு பத்து மடங்காகும். ஆனால், முறையாகச் செய்ய வேண்டும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்ற வேண்டும். தோட்டத்துக் குழாய் ஆகாது, வெந்நீர் தாங்கும் ரப்பர் ஹோஸ்தான் வேண்டும். இரண்டு முனைகளையும் அடைத்துவிடாமல் இணைக்க வேண்டும். சில என்ஜின்களில் அந்த ஓட்டம் நின்றாலே கோளாறு. கடைசியாகக் கூலண்ட் நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். குற்றாலத்துக்கு எதுக்கு ஹீட்டர்?

செங்கோட்டையிலிருந்து புளியரை தாண்டி ஆரியங்காவுக்கு ஏறும் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். இந்தக் கணவாய் வழியாக 1904-ல் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிய காலத்திலிருந்தே என்ஜின்களுக்கு இங்கே சோதனைதான். உங்களுக்கு முன்னால் பாரம் ஏற்றிய லாரி. முதல் கியரில் ஊர்கிறீர்கள். சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறுகிறது. ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, அந்தச் சிவப்புப் பக்கம் முழுசாகத் திருப்பி, ஃபேனை உச்சத்தில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும்தான். ஆனால், இரண்டாவது ரேடியேட்டர் வேலை செய்ய ஆரம்பிக்கும். ஓரம் கட்ட இடம் கிடைக்கும்வரை என்ஜின் தாக்குப்பிடிக்கும். முள் உச்சியில் இருந்தும் ஹீட்டரில் குளிர்காற்று வருகிறதா? தண்ணீரே இல்லை என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள், வெந்நீர் முகத்தில் அடிக்கும்.

மலை இறங்கி ஐந்தருவிக்கு வந்தால் வேறு சிக்கல். வெளியே சாரல். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஐந்து பேர் உள்ளே ஏறுகிறார்கள். கண்ணாடி முழுக்கப் பனிமூட்டம்! கையால் துடைத்தால் மறுபடி படியும். ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால், ஒன்று ஈரத்தை உறிஞ்சும், மற்றது சூடேற்றும். சீக்கிரமே பாதை தெரியும். சீசன் கூட்டத்தில் குழந்தைகள் குறுக்கே ஓடும் அந்தச் சாலையில், கண்ணாடி தெளிவாக இருப்பது சொகுசு சமாச்சாரமா என்ன?

மெக்கானிக்கையும் குற்றம் சொல்ல முடியாது. ஹீட்டர் சின்ன சாமான்தான். அதை வெளியே எடுக்க, பல வண்டிகளில் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டும். பொருளின் விலையைவிடக் கூலி அதிகம். அதனால்தான் ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ என்று போட்ட துண்டுக் குழாய் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது.

பி.காம். படித்தவர்களுக்கு ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’ தெரிந்திருக்கும். எங்கே எழுதுவது என்று புரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டுவைப்போம். ஆனால், கணக்கை முடிக்கும்போது அதை நேர் செய்தே ஆக வேண்டும். ஹீட்டர் பைபாஸும் அப்படித்தான். வண்டியை விற்கும்போது வாங்குகிறவரிடம் அதைச் சொல்லிவிடுவதும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

மற்றவர்களுக்குக் கணக்கு முடிப்பது மார்ச் மாதம். மலைப்பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மே. ஜூனில் சாரல் தொடங்கிவிடும்!