ஈரங்கொல்லிக்கு ஓர் அழைப்பிதழ்



பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அருங்காட்சியகப் பணியில் இருக்கிறார். "சார், டெல்டா பக்கத்து அருங்காட்சியகங்கள்ல வேலை பார்க்கிறவங்களை எல்லாம் திருச்சியில ரெண்டு நாள் ஒண்ணா உட்கார வைக்கலாம்னு ஒரு பேச்சு நடக்குது. நிகழ்ச்சி நிரல் போட்டுப் பார்க்கிறோம். நீங்க ரெண்டு யோசனை சொல்லணும்" என்றார்.

ஓய்வுபெற்ற ஆசிரியனிடம் யோசனை கேட்டால் இரண்டோடு நிற்குமா?

முதலில் தேதி. மார்கழி பக்கமே போகாதே என்றேன். பகல் பத்து, இராப்பத்து என்று ஸ்ரீரங்கம் நிரம்பி வழியும். வைகுண்ட ஏகாதசி அன்று தங்க ரூமும் கிடைக்காது, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் நிற்க இடமும் கிடைக்காது. சித்திரைத் தேரும் ஆடிப்பெருக்கும் அப்படித்தான். சரி என்று குறித்துக்கொண்டார்.

அடுத்து, யாரை அழைப்பது. பட்டியலை வாசித்தார். திருச்சி, புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகங்கள், தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம், ஜங்ஷன் பக்கத்து ரயில்வே அருங்காட்சியகம், சில கல்லூரிகள். "ஸ்ரீரங்கம் கோயிலுக்குள்ள ஒரு அருங்காட்சியகம் இருக்கேப்பா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். "குழுவுல ஒருத்தர், அது கோயில் சமாச்சாரம், நம்ம தொழில் வேறன்னு சொல்றார் சார். அங்க இருக்கிறவங்க பயிற்சி பெற்ற காப்பாட்சியர்கள் இல்லையாம்."

உடனே பதில் சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருக்கும் இதுவே பதில்.

இப்படிக் கூடுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1912 ஜனவரியில், பொங்கலை ஒட்டிய நாட்களில், இந்திய அருங்காட்சியகங்களின் பொறுப்பாளர்கள் சென்னையில் மாநாடு கூடினார்கள். சென்னை அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது, முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். அவரே அங்கே உயிருள்ள விலங்குகளையும் வைத்து வளர்த்தார். அதனால்தான் பட்டணத்து மக்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொன்னார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது நீங்கள் சிரித்தது நினைவிருக்கிறதா?

1936-இல் மார்க்கம், ஹார்கிரீவ்ஸ் என்ற இருவர் நாடெங்கும் சுற்றி ஓர் அறிக்கை எழுதினார்கள். அன்றைய இந்தியா முழுவதற்கும் அவர்கள் எண்ணிய அருங்காட்சியகங்கள் 105. பல இடங்களில் முழுநேரப் பொறுப்பாளர்கூட இல்லை என்பது அவர்கள் வருத்தம். 1944-இல் இந்திய அருங்காட்சியகச் சங்கம் தோன்றியது. 1960-இல் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநராக வந்த கிரேஸ் மார்லி என்ற அமெரிக்க அம்மையார், பிறகு பன்னாட்டு அருங்காட்சியக மன்றத்தின் தெற்காசிய, தென்கிழக்காசியக் கிளையை டெல்லியிலிருந்தே நடத்தினார். இத்தனை முயற்சிக்கும் அடியில் இருந்தது ஒரே எண்ணம். சின்ன ஊரில் தனியாக உட்கார்ந்து பழம்பொருளைக் காக்கிறவர், அடுத்த ஊரில் அதே வேலையைச் செய்கிறவரை நேரில் பார்க்க வேண்டும். ஒருவர் பட்ட பாடு இன்னொருவருக்குப் பாடமாக வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படி வந்த செப்புத் திருமேனிகள் பல எழும்பூருக்குப் போய்ச் சேர்ந்தன. புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்ததால் 1910-லேயே சொந்தமாக அருங்காட்சியகம் வைத்துக்கொண்டது. தஞ்சாவூரில் கலைக்கூடம் வந்தது 1951-இல். திருச்சிக்கு அரசு அருங்காட்சியகம் 1983-இல்தான் கிடைத்தது. இப்போது மலைக்கோட்டை அருகே ராணி மங்கம்மாள் மகாலில் இருக்கிறது.

இங்கே உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். "ராணி மங்கம்மாள் கட்டிய மகால்" என்று பல வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பரீட்சையில் அப்படி எழுதியவர்களுக்கு மார்க்கும் போட்டிருக்கிறேன். அது தவறு. மதுரை நாயக்கர்களின் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய சொக்கநாத நாயக்கர் 1660-களில் கட்டிய தர்பார் மண்டபம் அது. அவர் மனைவி மங்கம்மாள் 1689 முதல் பேரனுக்காக ஆட்சி நடத்தியவர். மக்கள் மனதில் நின்றது அவர் பெயர்தான், கட்டடத்துக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. வாசல் பெயரை நம்பிப் பாடம் நடத்தியது என் பிழை. ஒரு பொருளின் பெயர் ஒன்று, வரலாறு வேறொன்று. அதனால்தான் பதிவேடு முக்கியம். இதை மனதில் வைத்துக்கொண்டு காவிரியைத் தாண்டி வாருங்கள்.

1323-இல் டெல்லிப் படை ஸ்ரீரங்கத்தை நெருங்கியபோது நம்பெருமாளை, அதாவது உற்சவ மூர்த்தியை, எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் தெற்கே போனது. முன்னே நின்று நடத்தியவர் பிள்ளை லோகாசாரியர். வயோதிகர். வழியிலேயே பரமபதித்தார். திருமேனி ஊர் ஊராகப் போய், கடைசியில் 1371-இல்தான் திரும்பி வந்தது. விஜயநகரத் தலைவர் கோப்பணர் கொண்டுவந்து மறுபடி எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் வடமொழிக் கல்வெட்டு கோயில் சுவரில் இருக்கிறது. இடையில் 48 வருஷம்.

48 வருஷம் என்றால் என்ன அர்த்தம்? போகும்போது பார்த்தவர்கள் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. நடுவில் வேறொரு உற்சவ மூர்த்தியைச் செய்து வைத்து வழிபாடும் நடந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டு திருமேனிகள். பழையவர் எவர்? எப்படித் தெரிந்துகொள்வது?

கோயிலொழுகு வழியாக வரும் செய்தி இது. பெருமாளின் வஸ்திரங்களைத் துவைத்துவந்த ஈரங்கொல்லி ஒருவர், வயது முதிர்ந்து கண்பார்வை போனவர், ஊரில் இருந்தார். இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் செய்து, அந்த ஈர வஸ்திரத்தின் தீர்த்தத்தைத் தரச் சொன்னார். கஸ்தூரி மணத்தை வைத்து, "இவரே நம்பெருமாள்" என்று சொன்னார். அந்தப் பெயரே நிலைத்தது.

பக்தியோடு படிப்பவர்கள் அப்படியே படியுங்கள். நான் வரலாற்று வாத்தியார், இன்னொரு பக்கமும் பார்க்கிறேன். இது அச்சு அசலாக ஓர் அருங்காட்சியகப் பிரச்சினை. பொருள் காணாமல் போகிறது, பல வருஷம் கழித்துத் திரும்புகிறது, அதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். பெரிய பட்டம் பெற்றவர்களால் முடியாததை, நாள்தோறும் அந்தப் பொருளோடு பழகிய ஒரு தொழிலாளியின் நினைவு முடித்துவைத்தது. இன்னொன்றும் கவனியுங்கள். இடையில் இருந்த மூர்த்தியை யாரும் தூக்கிப் போட்டுவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு இன்றும் அவர் சன்னிதியில் இருக்கிறார். கோயிலொழுகு இத்தனையையும் எழுதி வைத்தது. வே. ந. ஹரிராவ் 1961-இல் ஆங்கிலத்தில் குறிப்புகளோடு பதிப்பித்தார்.

பழைய கதைதானே என்று நினைக்காதீர்கள். 1976-இல் திருவாரூர் பக்கத்துப் பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு நடராஜர் கிடைத்தார். கலெக்டருக்குப் போக வேண்டியவர் வியாபாரிகள் கைக்குப் போய் லண்டன் சேர்ந்தார். அங்கே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பராமரிப்புக்காக இருந்தபோது போலீஸ் கைப்பற்றியது. வழக்கு நடந்தது. நம் கோயிலே ஒரு வாதியாக நின்று, இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஜெயித்தது. 1991-இல் அவர் வீடு திரும்பினார்.

அடுத்தது இன்னும் பக்கம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். பழைய திருச்சி மாவட்டத்து ஊர். பூஜை நின்று பூட்டிக் கிடந்த சோழர் காலக் கோயிலிலிருந்து 2006 வாக்கில் செப்புத் திருமேனிகள் திருடு போயின. 2008-இல் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோகலாம் என்று கதவைத் திறந்தபோதுதான் அவை இல்லை என்பதே தெரிந்தது. அதே 2008-இல் அங்கிருந்த நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டெல்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

எப்படி நிரூபித்தார்கள்? ஒரு போட்டோவால். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தத் தொகுப்பில் ஸ்ரீபுரந்தான் நடராஜரும் இருந்தார். அந்தப் படம்தான் இந்தக் காலத்து ஈரங்கொல்லி. படம் இல்லாத கோயில்கள் எத்தனை என்று யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருகிறேன். கோயில்காரர்களை ஏன் அழைக்க வேண்டும்?

ஸ்ரீரங்கம் கோயில் அருங்காட்சியகத்தில் நாயக்கர் காலத்துத் தந்தச் சிற்பங்கள் இருக்கின்றன. ராஜா ராணி உருவங்கள், அத்தனை நுணுக்கம். தந்தம் உயிருள்ள பொருள் போல. காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், வறண்டால் சுருங்கும், மாறி மாறி நடந்தால் விரிசல் விடும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரு தீவில் அதைக் காப்பது லேசான வேலையா? மகாலில் இருக்கும் காப்பாட்சியருக்குச் செப்புத் திருமேனிகளைப் பற்றி அதே கவலை. செம்பில் உப்பு ஏறி ஈரமும் சேர்ந்தால் பச்சைப் பொடியாக அரித்துக்கொண்டே போகும். கோயில் உற்சவருக்கோ திருமஞ்சனத்தில் தண்ணீர், பால், சந்தனம். அப்படியும் நூற்றாண்டுகள் தாண்டி நிற்கிறார் என்றால், துடைக்கிற கைக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. மண்டபத்துக்காரர் அந்தக் கையிடம் கற்க வேண்டும். கோயில்காரர் பதிவேடு போடவும் படம் எடுக்கவும் மண்டபத்துக்காரரிடம் கற்க வேண்டும்.

வெளிநாட்டவருக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. பாரிஸ் கீமே அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ழானின் ஒபுவாயே அம்மையார் ஸ்ரீரங்கத்தைப் பற்றி எழுதிய நூலை யுனெஸ்கோ 1969-இல் வெளியிட்டது. கோயில் புனரமைப்புப் பணிக்காக 2017-இல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருதும் வந்தது. நம்மூரில்தான் மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவிரியை விட அகலமான ஓர் ஆறு ஓடுகிறது.

ஆகவே தம்பி, என் யோசனை இதுதான். முதல் நாள் மகாலில் கூடுங்கள், இரண்டாம் நாள் ஸ்ரீரங்கத்தில். கோயிலிலிருந்து அதிகாரியை மட்டும் அழைத்து மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். பாத்திரம் துலக்குகிறவர், திருவாபரணப் பெட்டியைத் திறந்து பூட்டுகிறவர், வஸ்திரம் மடிக்கிறவர், இவர்களில் இரண்டு பேரையாவது பேச விடுங்கள். வாழ்த்துரைகளை அரை மணிக்குள் முடியுங்கள். மிச்ச நேரத்தில், ஒவ்வொருவரும் தன் இடத்தில் இருக்கும் பத்துப் பொருளுக்கு நான்கு பக்கமும் படம், அளவு, எடை, எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு எழுதிப் பழகட்டும். ஊருக்குப் போகும்போது கையில் பத்துப் பக்கம் இருந்தாலே மாநாடு வெற்றி.

இதை அவரிடம் போனில் சொன்னேன். "குழுவுல பேசிப் பார்க்கிறேன் சார். ஒத்துக்குவாங்களான்னு தெரியல" என்றார். பேசிப் பார்க்கட்டும். மறுபடி மறுத்தால் நானே வந்து உட்கார்ந்து பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று கடைசி பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் தாத்தாவோ அப்பாவோ எடுத்த பழைய போட்டோ வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். சாமி புறப்பாடு, பின்னால் நிற்கும் அத்தை, தோளில் ஏறிய குழந்தை என்று இருக்கும். அதைத் தேடி எடுங்கள். எந்த ஊர், எந்தக் கோயில், எந்த வருஷம் என்று பெரியவர்களைக் கேட்டு, பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறும். செல்போனில் தெளிவாக ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஆனால் பழைய திருமேனிகளின் படத்தை ஊர்ப் பெயரோடு எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியே போடாதீர்கள். திருடனும் பார்ப்பான்.

சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைத் திறந்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்