நூலும் விளக்கும்

நூல் என்ற சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள். ஒன்று ஏட்டில் இருப்பது. மற்றொன்று தறியில் ஓடுவது. ஒன்று அறிவை வளர்க்கும். மற்றொன்று மானத்தை மறைக்கும். இரண்டும் மனிதனுக்கு வேண்டியவை. ஆனால், அறிவையே மறைப்பதற்கும் ஒரு நூல் பயன்பட்டது, தோழர்களே! மேடையிலே பந்தை மிதக்கவிடும் அந்த மெல்லிய இழையின் வரலாற்றை நாம் அறிந்திருக்க வேண்டும். 'மந்திரமா, தந்திரமா?' என்று ஊர்தோறும் செய்து காட்டப் புறப்படும் இளைஞர்கள் அதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

1848ஆம் ஆண்டு. அமெரிக்காவிலே, நியூயார்க் மாநிலத்து ஹைட்ஸ்வில் என்ற சிற்றூர். அங்கு ஓர் எளிய வீட்டிலே மார்கரெட், கேட் என்ற ஃபாக்ஸ் குடும்பத்துச் சிறுமியர் இருவர். இரவிலே 'டொக், டொக்' என்று ஓசை கேட்டது. தாய் நடுங்கினாள், அண்டை வீட்டார் கூடினர், ஆவி பேசுகிறது என்றனர். அந்த ஓசையிலிருந்து ஒரு புதிய மதமே பிறந்தது. ஆவிகளுக்கும் மனிதர்களுக்கும் இடையே தரகு பேசும் 'மீடியம்'கள் நகரந்தோறும் முளைத்தனர். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரிலே மகனைப் பறிகொடுத்த தாய், அவன் குரலை ஒருமுறையேனும் கேட்க மாட்டோமா என்று ஏங்கி, அவர்கள் வாயிலிலே காசோடு நின்றாள்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தன. 1888ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், நியூயார்க் நகர மேடையொன்றில் ஏறினார் மார்கரெட். காலணியைக் கழற்றினார். கால்விரல் மூட்டைச் சொடுக்கி, அந்த 'ஆவியோசை'யை எல்லாரும் கேட்க எழுப்பிக் காட்டினார். தொடக்கக் கதையையும் வெளியிட்டார். ஓர் ஆப்பிளின் காம்பிலே கயிறு கட்டி, இருளிலே அதைத் தரையில் தட்டித் தட்டித் தாயை அச்சுறுத்திய குழந்தை விளையாட்டாம் அது! மறு ஆண்டே தாம் கூறியதை அவர் மறுத்தும் பார்த்தார். சொல்லை மறுக்கலாம், ஊரறியச் சொடுக்கிய விரலை மறுக்க முடியுமா?

எண்ணிப் பாருங்கள். ஆப்பிளைத் தாங்கும் கயிறு கண்ணுக்குத் தெரியாத கயிறா? இல்லை. கை நீட்டினால் அகப்படும் சாதாரணக் கயிறு. அதை மறைத்தது எது? இருள்! இந்த ஒன்றை உணர்ந்தால், நூல் வித்தையின் முழு இலக்கணமும் நமக்கு விளங்கிவிடும்.

மேடை வித்தைக்காரன் நூலைத் தேர்ந்தெடுக்கும்போது என்னென்ன பார்க்கிறான்? முதலில், தூக்க வேண்டிய பொருளின் எடை. நாணயத்தை ஆட்டப் போதுமான இழை, கோப்பையைத் தூக்காது. அடுத்து, மினுமினுப்பு. பளபளக்கும் இழை எவ்வளவு மெல்லியதாயினும் ஒரு கணம் மின்னிக் காட்டிக் கொடுத்துவிடும். அதற்கடுத்து, நிறம். பின்னால் தொங்கும் திரையின் நிறமே இழைக்கும் வேண்டும். பழங்காலத்தில் தலைமயிரும் பட்டிழையுமே அவனுக்குக் கிடைத்தவை. மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் பருமன். பட்டுக்கூட்டிலிருந்து உரிக்கும் ஒற்றையிழை அதில் மூன்றிலொரு பங்குதான். 1935ஆம் ஆண்டு ஆய்வுக்கூடத்திலே நைலான் பிறந்தது. 1940இல் அது பெண்டிரின் காலுறையாகக் கடைக்கு வந்தது. வித்தைக்காரர்கள் அந்தக் காலுறையைப் பிரித்து இழை உருவிக்கொண்டனர்! 1958இல் ரப்பர்போல் நீளும் ஸ்பான்டெக்ஸ் இழையும், 1965இல் அதே எடையுள்ள எஃகைவிட ஐந்து மடங்கு வலிய கெவ்லார் இழையும் வேதியியலார் கையிலே உருவாயின. அவையும் இந்தக் கலைக்கு வந்து சேர்ந்தன. அறிவியல் ஈன்ற பிள்ளைகளே அத்தனையும். ஆவி ஈன்றது ஒன்றுகூட இல்லை.

ஆனால், மெல்லிய இழையாக இருந்தால் போதுமா? போதாது. 1939ஆம் ஆண்டு ஹெக்ட், மின்ட்ஸ் என்ற இரு அறிஞர்கள் மனிதக் கண்ணை அளந்து பார்த்தனர். ஒரே சீராக ஒளிரும் பின்புலத்தின் முன் ஒரு கரிய கோட்டை வைத்தால், எவ்வளவு மெல்லியதுவரை கண்ணுக்குப் புலப்படும் என்பதே அவர்கள் கேள்வி. ஒரு பாகையை 3600 கூறாக்கி, அதில் ஒரு கூற்றிலும் பாதியளவே அகலமுள்ள கோட்டைக்கூடக் கண் கண்டுகொள்கிறது என்று கண்டனர். கணக்கிட்டுப் பார்த்தால், நாம் மேலே சொன்ன பட்டின் ஒற்றையிழை, நல்ல ஒளியிலே எட்டு மீட்டர் தொலைவிலும் புலப்பட வேண்டும்! வகுப்பறையிலே நாம் இதைச் செய்து பார்க்கலாம். கரிய இழையொன்றைக் கரும்பலகையின் முன் பிடித்தால் முதல் வரிசை மாணவனுக்கும் தெரியாது. அதே இழையைச் சாளரத்து வானத்தின் முன் பிடித்தால் கடைசி வரிசை மாணவன் கை நீட்டிச் சுட்டுவான். இழை மாறவில்லை, பின்புலமும் ஒளியுமே மாறின. ஆகவே, நூலைத் தேர்ந்தெடுப்பவன் முதலில் விளக்கைத் தேர்ந்தெடுக்கிறான். விளக்கு எவன் கையிலோ, வித்தையும் அவன் கையிலே!

இதை நன்கறிந்தவர் இங்கிலாந்திலே ஒருவர் இருந்தார். ஜான் நெவில் மாஸ்கலின் என்பது அவர் பெயர். கடிகாரத் தொழில் பயின்றவர். 1865ஆம் ஆண்டு, செல்ட்டன்ஹாம் நகருக்கு டாவன்போர்ட் சகோதரர்கள் என்ற அமெரிக்க 'மீடியம்'கள் வந்தனர். கைகால்களைக் கட்டி இருவரையும் ஒரு பெட்டியறைக்குள் அடைப்பர். இசைக்கருவிகள் தாமே ஒலிக்கும், வெளியே பறந்து வந்து விழும். சாளரங்களையெல்லாம் மூடி மண்டபத்தை இருளாக்கியிருந்தனர். சோதனையாளருள் ஒருவராக மேடையருகே அமர்ந்திருந்தார் மாஸ்கலின். அப்போது சாளரத்துத் திரையொன்று சற்றே விலகி, ஞாயிற்றின் கதிரொன்று பெட்டியறைக்குள் பாய்ந்ததாம். கட்டவிழ்ந்த கையொன்று கருவிகளை வீசியெறிவதைத் தம் கண்ணாலேயே கண்டதாக அவர் பின்னாளில் கூறினார். ஒரே ஒரு கதிர்! அதற்கு முன்னே ஆவியுலகம் நிற்கவில்லை. ஒருசில திங்களுக்குள், குக் என்ற நண்பரோடு சேர்ந்து, அதே வித்தைகளை அதே நகரிலே பட்டப்பகலில் செய்து காட்டினார்.

அதே மாஸ்கலின் பிற்காலத்தில் இலண்டன் மேடையிலே ஒரு மனிதரை அந்தரத்திலே மிதக்கவிட்டார். எப்படி? கனத்த கம்பி ஒன்று எடையைத் தாங்கும், ஆனால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே எடையைப் பல மெல்லிய கம்பிகளுக்குப் பங்கிட்டார். தக்க திரையும் தக்க ஒளியும் அமைத்தார். கண்டோர் வியந்தனர். ஆனால் அவர், "ஆவி தூக்கியது" என்று ஒருநாளும் சொன்னதில்லை. சீட்டு வாங்கி வந்தவனுக்கு வித்தையைக் காட்டினார். வீடு திரும்புகையில் அவன் அறிவு அவனிடமே இருந்தது. நூல் ஒன்றுதான், பிடித்த கைகள்தாம் வேறு.

இனி, நம் நெஞ்சை உறுத்த வேண்டிய செய்தி ஒன்று. போலந்து நாட்டு உளநூல் அறிஞர் யூலியன் ஒஹொரோவிச். 1908, 1909 ஆண்டுகளிலே ஸ்டானிஸ்லாவா தொம்சிக் என்ற இளம்பெண்ணை அவர் ஆராய்ந்தார். அவள் இரு கைகளையும் விரித்து மெல்ல உயர்த்துவாள். இடையே கத்தரிக்கோல் மிதக்கும். அறிஞர் நிழற்படம் எடுத்தார். படத்திலே என்ன தெரிந்தது? இரு கைகளுக்கும் இடையே நூல் போன்றதொரு மெல்லிய கோடு! சிறு பிள்ளையும் அதை நூலென்றே சொல்லும். அறிஞரோ, விரல்களிலிருந்து புறப்படும் "விறைத்த கதிர்" என்று அதற்குப் பெயர் சூட்டினார்.

இங்கே விளக்கு இருந்தது. நிழற்படக் கருவி இருந்தது. நூலும் படத்திலே விழுந்தது. இருந்தும் அவர் காணவில்லையே, ஏன்? காண விரும்பியதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். பட்டமும் பதவியும் ஒருவரை ஏமாற்றத்திலிருந்து காப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அறையிலே ஏற்றிய விளக்கு கண்ணுக்கு உதவும். மனத்திலே விளக்கு அணைந்திருந்தால், கண் கண்டதும் வீணே.

ஆகவே, தோழர்களே, மேடையேறும்போது மாஸ்கலின் வழியிலே செல்வோம். நூலைக் கவனமாகத் தேர்ந்தெடுப்போம், திறமையோடு மறைப்போம், வித்தை முடிந்ததும் கூட்டத்திலுள்ள சிறுவன் ஒருவனை அழைத்து, அவன் விரலிலேயே அந்த நூலைச் சுற்றிக் காட்டுவோம். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பிலே ஓர் அச்சம் சாகும். மகனை இழந்த தாயைக் கண்டால் அவளை எள்ளி நகையாட வேண்டாம். அவள் துயர் மெய். அவள் துயரைக் காசாக்கியவனிடம் மட்டும் நாம் ஒன்று கேட்போம்: "ஐயா, விளக்கைச் சற்றுத் தூண்டலாமா?"

அதற்கு அவன் சொல்லும் விடையிலேயே நூல் இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.