வைபை இருக்கு, நெற் இல்லை

பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு வீட்டில் டப்பில் நெற் வேலை செய்யாவிட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "ரவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போடு." மற்றது, "இண்டைக்கு லைன் இல்லைப் போல." முதலாவது பதில் பல நேரம் பலிக்கும். ஏன் பலிக்குது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. இரண்டாவதைச் சொன்னதும் எல்லோரும் எழும்பித் தங்கட வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். லைன் இல்லை எண்டால் இல்லைத்தானே, நாங்கள் என்ன செய்யிறது?

இந்த இரண்டு பதிலுக்கும் வரலாறு இருக்கிறது. ஒன்று தொழில்நுட்பத்தின் வரலாறு, மற்றது எங்கட ஊரின் வரலாறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு டப்பின் பிழையை ஒழுங்காகத் தேட முடியும் என்று எனக்குப் படுகிறது.

"லைன் இல்லை" எண்ட சொல்

1990 நடுவில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப்பட்ட சாமான். மண்ணெண்ணெய்க்கும் அதே கதிதான். செய்தி கேட்பதற்குச் சனம் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோவைப் போட்டுக் கேட்டது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழும்பி நடந்தபோது பண்டத்தரிப்பும் எழும்பியது. 2002இல் சமாதான காலத்தோடு ஏ9 வீதி திறந்தது, ரெலிபோன் பரவியது, நெற் கபேக்கள் வந்தன. 2006 ஓகஸ்ட்டில் ஏ9 திரும்பவும் பூட்டப்பட்டது. அதற்குப் பிறகு ரெலிபோன் இணைப்புகளும் பல தடவை நின்று நின்றுதான் வந்தன.

அந்தக் காலத்தில் "லைன் இல்லை" எண்டால் ஆரோ அதை நிற்பாட்டினார்கள் என்று அர்த்தம். அது சரியான கணிப்பு. வீட்டுக்குள் எதைத் திருகினாலும், எதைக் கழற்றிப் பூட்டினாலும் லைன் வரப்போவதில்லை. காத்திருப்பதுதான் ஒரே வழி. அப்படி இருபது வருசம் பழகிய தலைமுறை இன்றைக்கும் டப்பில் ஒரு வட்டம் சுத்தினால் காத்திருக்கிறது. பிழை மேலே எங்கேயோ இருக்கிறது, அது தானாக வரும், தானாகப் போகும்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டு வகுப்பு கைபேசிக்கும் டப்புக்கும் வந்தபோது இந்தப் பழக்கத்தின் விலை தெரிந்தது. வகுப்புக்கு நடுவில் படம் உறைந்து போன பிள்ளைக்குக் காத்திருக்க நேரமில்லை. "லைன் இல்லை" எண்டு விட்ட ஒவ்வொரு மணித்தியாலமும் ஒரு பாடம். ஆனால் இப்போது வருகிற பிழைகளில் பெரும்பகுதி மேலே இல்லை. விறாந்தைக்கும் படிக்கிற அறைக்கும் நடுவில்தான் கிடக்கிறது. அது ஏன் என்று பார்க்க, இந்த வைபை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேணும்.

ஒருத்தருக்கும் சொந்தமில்லாத அலை

கம்பி இழுக்க முடியாத இடத்தில்தான் இது தொடங்கியது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் வேறு வேறு தீவுகளில் இருந்தன. நோர்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவும் 1971இல் ரேடியோ அலையால் கணினிகளை இணைத்தார்கள். அதற்கு அலோஹாநெற் என்று பெயர். எல்லோரும் ஒரே அலைவரிசையில் அனுப்பலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் மோதிக் கெட்டுப்போகும். அப்போது ஆளுக்கொரு சிறு நேரம் பொறுத்துத் திரும்ப அனுப்ப வேணும். இன்றைய வைபையும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அனுப்ப முதல் காது கொடுத்துக் கேட்கும், ஆரும் கதைத்துக்கொண்டிருந்தால் பொறுக்கும். பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் உங்கட ரவுட்டரும் ஒரே சனலில் இருந்தால் எல்லோரும் வரிசையில் நிற்கிறீர்கள். சிக்னல் கோடு முழுதாகக் காட்டியும் மெதுவாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அடுத்த முக்கியமான ஆண்டு 1985. சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் ஆரும் பாவிக்கலாம் என்று அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணையம் அந்த வருசம் திறந்துவிட்டது. அவற்றில் ஒன்று 2.4 கிகாஹேர்ட்ஸ். அது ஏற்கனவே மைக்ரோவேவ் அடுப்புப் போன்ற கருவிகளுக்கு ஒதுக்கிய, வேறு ஒருத்தரும் பெரிதாக விரும்பாத அலைவரிசை. அந்தப் புறம்போக்குக் காணியில்தான் வைபை குடில் போட்டது. 1997இல் முதல் தரநிலை வந்தபோது வேகம் செக்கனுக்கு 2 மெகாபிற். 1999இல் 11 ஆனது. அந்த வருசம்தான் இன்ரர்பிரான்ட் என்ற நிறுவனம் 'வைபை' என்ற பெயரையும் வைத்துக் கொடுத்தது. அது எந்தச் சொற்றொடரின் சுருக்கமும் இல்லை, வெறும் பெயர்தான்.

உரிமம் இல்லாத காணி என்பதற்கு இரண்டு பக்கம் இருக்கிறது. ஆரிடமும் அனுமதி கேட்காமல் வீட்டில் வைபை போடலாம். அதே காரணத்தால் நெரிசலைப் பற்றி ஆரிடமும் முறையிடவும் ஏலாது. குசினியில் மைக்ரோவேவ் ஓடும்போது வீடியோ தடுமாறினால் அந்த அடுப்புக்கும் அங்கே சம உரிமை இருக்கிறது.

இரண்டு பாதை, ஒரு ரவுட்டர்

எங்கட பக்கத்து வீடுகளில் கம்பி வழியாக வரும் நெற்றும் இருக்கிறது. ஆனால் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான் பல வீடுகளில். அப்படியான வீட்டில் நெற் இரண்டு பாதையால் வருகிறது. கோபுரத்திலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து டப்புக்கு மற்றது. டப்பின் மூலையில் தெரிகிற விசிறி மாதிரியான குறி இரண்டாவது பாதையை மட்டும்தான் சொல்லும். அது முழுதாக இருந்தும் நெற் இல்லை எண்டால் டப் பொய் சொல்லவில்லை. "ரவுட்டர் எனக்குக் கேக்குது" என்று மட்டும்தான் அது சொல்கிறது.

சிக்கல் என்னவென்றால், இரண்டு பாதைக்கும் ரவுட்டரை வேறு வேறு இடத்தில் வைக்க வேணும். கோபுரம் கேட்கிறதுக்கு யன்னலடி நல்லது. டப்புக்குக் கேட்கிறதுக்கு வீட்டின் நடு நல்லது. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் சுண்ணாம்புக்கல்லால் தடித்த சுவர் வைத்துக் கட்டினவை, வெயில் உள்ளே வராமல் இருக்க. வெயிலை மறித்த அந்தச் சுவர் அலையையும் மறிக்கும். புது வீடுகளில் கொங்கிறீற்றும் கம்பியும். இரண்டு வகையிலும் ஓர் இரும்பு அலுமாரியோ நிலைக்கண்ணாடியோ குறுக்கே நின்றால் பின்னால் அலை நிழல் விழும். இப்போதைய ரவுட்டர்கள் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசையில் ஒலிபரப்பும். 5 வேகம் கூட, ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துபோகும். 2.4 வேகம் குறைவு, ஆனால் இன்னும் இரண்டு சுவருக்கு அங்காலயும் கேட்கும். ரவுட்டருக்குப் பக்கத்தில் 5, பின் அறையில் 2.4 என்று தெரிந்து வைத்தாலே பாதிச் சண்டை முடியும்.

சனல் விசயமும் இதோடு வரும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். ரவுட்டர் அமைப்புக்குள் போய் அந்த மூன்றில் வெறுமையாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம்.

2010: டப்பே பிழை விட்ட கதை

"நிப்பாட்டிப் போடு" ஏன் பலிக்குது? இதற்கு ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. முதல் ஐபாட் 2010 ஏப்ரல் 3இல் விற்பனைக்கு வந்தது. வந்த சில நாளிலேயே பலர் வைபை சிக்னல் நலிவு, அடிக்கடி அறுந்து போகுது என்று முறையிட்டார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன்னுடைய வலையமைப்பிலிருந்து சில ஐபாட்களைத் தடுத்தே விட்டது.

அதன் காரணம் இது. ஒவ்வொரு கருவிக்கும் வலையமைப்பு ஒரு முகவரி கொடுக்கும். அது சொந்தம் இல்லை, வாடகை. தவணை முடிய முதல் புதுப்பிக்க வேணும், இல்லாட்டி விட்டுவிட வேணும். 1993இல் வகுத்த ஒழுங்கு இது. ஐபாட் சிலவேளை தவணை முடிந்த பிறகும் அந்த முகவரியிலேயே குந்திக்கொண்டு இருந்தது. அதற்குள் அந்த முகவரி வேறொரு கருவிக்குக் கொடுபட்டுவிடும். ஒரே இலக்க வீட்டில் இரண்டு குடும்பம். கடிதம் ஆருக்குப் போகும்? ஆப்பிள் ஜூலையில் 3.2.1 பதிப்பை வெளியிட்டபோது வைபை மேம்பாட்டையும் அதில் சேர்த்தது.

எங்கட வீட்டு ரவுட்டரும் இதே வாடகைக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. நிப்பாட்டிப் போட்டால் கணக்கைப் புதிதாகத் தொடங்குகிறது. எல்லாக் கருவிகளும் திரும்ப முகவரி கேட்கின்றன, மோதல் தீருகிறது. அதே பலனை ரவுட்டரைத் தொடாமலும் எடுக்கலாம். டப்பில் அந்த வைபையை 'மறந்துவிடு' என்று கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டைப் புதிதாக அடித்துச் சேர்ந்தால் போதும். வீட்டில் வேறொருத்தர் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போது இந்த வழி எவ்வளவோ மேல். ஐபாடில் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு ஒன்றுமே கொடுக்கவில்லை, அது தானே ஒன்றை எழுதிக்கொண்டது என்று அர்த்தம்.

லண்டன் டப், கனடா டப்

எங்கட வீடுகளில் பாவிக்கிற டப்களில் நிறைய, வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் பாவிச்சுப்போட்டுக் கொடுத்து விட்டவை. அவற்றுக்கென்று தனி நோய்கள் உண்டு. ஐரோப்பா உட்படப் பல நாடுகளில் 2.4இல் 1 முதல் 13 வரை சனல் பாவிக்கலாம். வட அமெரிக்காவில் வழக்கம் 11 வரைதான். அங்கே வாங்கிய சில டப்கள் 12, 13இல் இருக்கும் ரவுட்டரைக் காணவே காணாது. பக்கத்தில் இருக்கிற கைபேசிக்குத் தெரிகிற பெயர் டப்பின் பட்டியலில் மட்டும் இல்லை எண்டால் முதலில் சனலைத்தான் பார்க்க வேணும்.

இரண்டாவது பூட்டு. வைபையின் காவல்முறை 2003இல் ஒருக்கா, 2004இல் ஒருக்கா, 2018இல் ஒருக்கா என்று மாறியது. புது ரவுட்டரில் 2018இன் டபிள்யூபிஏ3 மட்டும் போட்டிருந்தால் பழைய டப் சரியான பாஸ்வேர்டை அடித்தாலும் சேராது. டபிள்யூபிஏ2உம் சேர்ந்த கலப்பு முறையைத் தெரிவு செய்ய வேணும்.

மூன்றாவது வயது. பாதுகாப்பான தளங்களைத் திறக்க டப்புக்குள் சில சான்றிதழ்கள் இருக்க வேணும். அவற்றுக்கும் காலாவதித் திகதி உண்டு. 2021 செப்ரெம்பர் 30இல் மிகப் பல தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் முடிந்தது. ஐஓஎஸ் 10க்கு முந்திய பழைய ஐபாட்களில் பல தளங்கள் அன்றோடு திறக்காமல் போயின. அது பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்த காலம். வைபை சரி, லைன் சரி, ரவுட்டர் சரி. டப்புக்குத்தான் வயது போயிருந்தது. டப்பின் கடிகாரம் பிழையான திகதியில் நின்றாலும் இதே அறிகுறிதான் வரும். அதைத் திருத்த ஒரு நிமிசம் போதும்.

உண்மையாகவே லைன் இல்லாதபோது

இவ்வளவும் சொன்னதால் மேலிருந்து பிழை வருவதே இல்லை என்று ஆகாது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையின்போது அரசு சமூக வலைத்தளங்களைத் தடுத்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளின் பின் திரும்பவும் தடுத்தது. 2022 ஏப்ரல் 3இல், ஊரடங்கு போட்டு, போராட்டம் அறிவித்திருந்த நாளில், பேஸ்புக், வட்ஸ்அப், யூரியூப் எல்லாம் அரைநாளுக்கு மேல் நின்றன. அதற்கு முந்திய கிழமை மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் இல்லாத வீட்டில் ரவுட்டருக்கு உயிரில்லை, கோபுரத்து பற்றரியும் கனநேரம் தாங்காது.

அப்படியான நாளில் ரவுட்டரை பத்துத் தரம் நிப்பாட்டிப் போட்டும் பலனில்லை. ஆனால் அதை அறிய ஒரு முறை இருக்கிறது. அதே வைபையில் வேறொரு கைபேசி வேலை செய்தால் பிழை டப்பில். ஒன்றுமே வேலை செய்யாமல், ரவுட்டரின் சொந்த அமைப்புப் பக்கம் மட்டும் திறந்தால் பிழை கோபுரப் பாதையிலோ சிம்மிலோ. பகல் டேட்டா முடிஞ்சு இரவு டேட்டா மட்டும் மிச்சம் இருக்கிறதா என்றும் அப்போது பார்க்க வேணும். செய்தித் தளங்கள் திறந்து, பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் மட்டும் எல்லா நிறுவனத்து சிம்மிலும் ஒன்றாக நின்றால் அது பழுதாக இருக்கச் சாத்தியம் குறைவு. அங்கே ஒரு உத்தரவு இருக்கலாம்.

இந்தப் பிரித்தறிதல் சின்ன விசயம் இல்லை. எல்லாவற்றையும் "லைன் இல்லை" எண்டு விட்டால், வீட்டிலேயே திருத்தக்கூடியதற்குக் காசு கொடுத்துப் புதுப் பக்கேஜ் எடுக்கிறோம். அதே சொல்லால், அரசு நிற்பாட்டியதையும் மழைக்குக் கரண்ட் போனது மாதிரி எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறோம்.

பண்டத்தரிப்புக்கு 1820இல் வந்த ஜோன் ஸ்கடர் அமெரிக்க மிஷனின் முதல் மருத்துவ மிஷனரி. பிறகு மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1860களில் மேற்கத்தைய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார், பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். உடம்பில் எங்கே என்ன பிழை என்பதை இந்தப் பக்கத்துப் பெடியள் தமிழில் படித்துத் தேர்ந்தார்கள். டப்பின் பிழையைச் சொல்ல எங்களிடம் இன்னும் ஒரு சொல்தான் இருக்கிறது. அம்மம்மாவுக்கும் விளங்கக் கூடிய மாதிரி, "ரவுட்டர் கேக்குது, கோபுரம் கேக்கேல்லை" எண்டு வீட்டுக்குள் சொல்லிப் பழகினால், அடுத்த முறை நெற் நின்றால் வீட்டில் ஒரு பிள்ளை மட்டும் இருந்து தேட வேண்டி வராது.