திருமழபாடிச் சாசனங்களில் வமிசத் தேட்டம்

கொள்ளிடத்தின் வடகரையில், மழவர் நாட்டில் உள்ள திருமழபாடியின் பழைய ஸ்ரீவிமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுப்பிக்கும்படி முதலாம் இராஜராஜன் தன் இருபத்தெட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 1013-ஐ ஒட்டி ஆணையிட்டபோது, அதன் சுவர்களில் இருந்த சாசனங்களையெல்லாம் முதலில் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தான். அவன் ஆயுளுக்குப் பின், குமாரன் இராஜேந்திரனின் பதினான்காம் ஆண்டாகிய 1026-இல், அந்தப் புத்தகத்தைக் கொண்டு அவை புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பட்டன. முன்னோர் செய்த தானங்களும் அவர்தம் நாமங்களும் இடிபாட்டோடு அழியாமல் காத்த இச்செயலை, அம்மன்னன் தஞ்சையில் எடுத்த பெருங்கோயிலுக்குச் சற்றும் குறையாத தர்மமாகவே நான் மதிக்கிறேன்.

வமிசாவளி தேடுவோர்க்குச் சோழர் சாசனங்கள் பேருதவி புரிவது, அவை மனிதரைக் குறிக்கும் முறையினால்தான். தஞ்சைக் கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டுவித்த சேனாபதி, கேரளாந்தகச் சதுர்வேதிமங்கலத்துக் கிருஷ்ணன் இராமனான மும்முடிசோழ பிரமமாராயன் என்று குறிக்கப்படுவதால், அவர் ஊர், தகப்பனார் பெயர், சொந்தப் பெயர், அரசன் அளித்த பட்டம் ஆகிய நான்கும் ஒரே தொடரில் கிடைத்துவிடுகின்றன. கண்டராதித்தரின் தேவியாகவும் உத்தமசோழரின் தாயாராகவும் விளங்கிய செம்பியன் மாதேவியாரின் பிறந்தகம் மழவரையர் குலம் என்பதையும் கல்வெட்டுகளே நமக்கு அறிவிக்கின்றன. புக்ககத்தின் புகழில் மறைந்திருக்கக்கூடிய செய்தி அது.

ஆயினும் சாமானியர் குடும்பங்களில் இந்த இழை இரண்டு தலைமுறைக்கு அப்பால் நீள்வது அரிது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வந்து மயக்குகிறது. மன்னர்களும் இராஜகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறித் தரித்தமையால், பட்டத்தையும் ஆட்சியாண்டையும் மாத்திரம் கூறும் சாசனம் எவர் காலத்தது என்று துணிவது எளிதன்று. எழுத்தின் வடிவத்தைக் கொண்டு காலம் கணிக்கலாமே என்றால், திருமழபாடியில் மறுபடி வெட்டப்பட்டவற்றுக்கு அந்த வழியும் அடைபட்டுப் போகிறது. ஏனெனில் வாசகம் பழையதாயினும் எழுத்து 1026-ஆம் ஆண்டுச் சிற்பியின் எழுத்து.

நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தோரு மாட்சுயியும் சோழர் கல்வெட்டுகளிலுள்ள பெயர்களைத் தொகுத்து 1978-இல் வெளியிட்ட அடைவு, ஒரே பெயருடையோர் பலரை ஒப்புநோக்க வழி செய்தது. அதை நாடுவோர் பெயரொற்றுமையை மட்டும் நம்பி உறவு கொண்டாடாமல், ஊரும் நாடும் பட்டமும் சேர்ந்து பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே ஒருவரைத் தம் மூதாதையென்று கொள்ளுதல் தகும்.