சேற்றிலிருந்து ஏறிய சோகை

சேலம் மாவட்டத்துக் கஞ்சமலை அடிவாரத்து இளம்பிள்ளையை வெளியூரார் இன்று சேலையைக் கொண்டே அறிவர். தறிச் சத்தம் ஓயும் எல்லைக்கு அப்பால் கிடக்கும் மானாவாரிக் காடுகளோ வேறொரு வரலாற்றுக்கும் உரியவை. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் அனுப்பிய முதன்மை மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1876–78இன் தாது வருடப் பஞ்சம் இம்மாவட்டத்தைச் சூறையாடிய பின்னர், தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணிகளுக்கு அவ்வேலை எளிதாயிற்று. அவ்வாறு கடல் கடந்தவர்களின் குடலில் கொக்கிப்புழு இருப்பதை மருத்துவர்கள் கண்டபோது, நோயைக் கொண்டுவந்தவன் கூலியே என்னும் பேச்சு தோட்டத் துரைமாரிடையே வேரூன்றியது.

கொக்கிப்புழு என்பது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு குருதியை உறிஞ்சி வாழும் புழுவாகும். தென்னிந்தியாவில் மிகுந்து காணப்படும் நெக்கேட்டர் இனப் புழு ஒன்று நாளொன்றுக்கு எடுப்பது 0.03 மில்லிலிட்டர் அளவே. அதுவே நூற்றுக்கணக்கில் பெருகும்போது முகம் வெளிறி, கால் வீங்கி, நாலடி ஏறினால் மூச்சிரைக்கும் சோகையாகிறது. மலத்தோடு மண்ணில் விழும் முட்டைகள் ஈரமும் நிழலும் வாய்த்தால் சில நாட்களில் பொரிந்து, பிறக்கும் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகின்றன. நுழைந்த இடத்தில் எழும் அரிப்பும் கொப்புளமும் சேற்றுப்புண்ணைப் போலவே தோன்றுவதால், வயிற்று நோய் காலின் வழியே வருகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. கெய்ரோவில் ஆய்வு செய்த ஆர்தர் லூஸ், தம் கைமீது தற்செயலாகச் சிந்திய புழுநீரிலிருந்து தமக்கே தொற்று ஏற்பட்டதை 1898இல் அறிவித்த பின்னரே இவ்வழி தெளிவாயிற்று.

வெயிலில் காயும் செம்மண் புஞ்சையில் இளம்புழு நெடுநாள் பிழைப்பதில்லை. மழையும் செடி நிழலும் நீங்காத மலைத்தோட்டத்திலோ, தொழிலாளர் குடியிருந்த, கழிப்பறையற்ற லயங்களைச் சூழ்ந்த மண்ணே புழுவுக்கு நாற்றங்காலாயிற்று. சமவெளியிலிருந்து சில புழுக்களோடு சென்றவன் தோட்டத்தில்தான் அவற்றைப் பெருக்கிக்கொண்டான் என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு. பழி மட்டும் எதிர்த்திசையில் பயணம் செய்தது.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டுச் சுகாதார வாரியம் 1916இல் இலங்கையின் மாத்தளை வட்டாரத் தோட்டங்களில் சிகிச்சைப் பணியைத் தொடங்கியது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் வழி திறந்த பின்னர், இலங்கை அரசு மண்டபம் என்னும் ஊரில் நடத்திய முகாமில் தொழிலாளர்கள் சில நாட்கள் நிறுத்தப்பட்டு அம்மை குத்தப்பட்டனர். பிற்பாடு கொக்கிப்புழு மருந்தும் அங்கேயே புகட்டப்பட்டது. அக்காலத்து மருந்துகளுள் ஒன்றான தைமால் நம் ஓமத்தில் உள்ள சத்துதான். முதல் உலகப் போருக்கு முன்னர் இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனியில் தைமாலாகி, மருந்து விலையில் திரும்பி வந்தது. குழந்தையின் வயிற்று உப்புசத்துக்கு ஓமத்தண்ணீர் கொடுத்த வீடுகள் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. பூச்சிக்கு விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவது ஊர் வழக்கம். தைமாலோ எண்ணெயில் கரைந்து உடலில் ஏறி நஞ்சாகும் என்பதால், அதை விழுங்கியவருக்குப் பேதியுப்பே கொடுக்க வேண்டியிருந்தது.

மருந்து புழுவை வெளியேற்றியதே தவிர மண்ணை மாற்றவில்லை. சிகிச்சை பெற்றவர் மறுநாள் அதே கொழுந்து மலைக்கு வெறுங்காலோடு ஏறி மீண்டும் புழுவைப் பெற்றார். கழிப்பறை கட்டுவதைத் தோட்ட உரிமையாளர் பலர் வீண்செலவாகவே கருதினர். இச்சிகிச்சைப் பணியின் உண்மையான தோல்வி மருத்துவத்தில் நேர்ந்ததன்று, கணக்குப் புத்தகத்தில் நேர்ந்தது.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2015 பிப்ரவரியில் இந்தியாவில் நாட்டளவில் தொடங்கிய குடற்புழு நீக்க நாளின் முதற்கட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பூச்சி மாத்திரை என்று வழங்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், இரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு அதில் பாதி என, 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்குத் தரப்படுகிறது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையுள்ள பெண்களுள் கருவுற்றோரும் பாலூட்டுவோரும் அல்லாதோர் பின்னர்ச் சேர்க்கப்பட்டனர். வெறுங்காலோடு வயலில் இறங்கும் நாற்பது வயதுத் தொழிலாளி அந்தப் பட்டியலில் இல்லை.