ஆரு பாடினது?

எஸ்தோனியா எண்டு ஒரு நாடு. பால்டிக் கடலோரம், ரஷ்யாவுக்குப் பக்கத்தில். இண்டைக்கும் சனத்தொகை 13 இலட்சம் சொச்சம்தான். 19ஆம் நூற்றாண்டில் அது ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது; நிலமெல்லாம் ஜெர்மன் பிரபுக்கள் கையில. எஸ்தோனிய மொழி குடியானவன் பாஷை, அவ்வளவுதான். படிச்சு முன்னுக்கு வந்தவன் ஜெர்மனுக்கு மாறிடுவான்.

1888இல் யாகொப் ஹுர்ட் எண்ட பாதிரியார் பத்திரிகையில் ஒரு வேண்டுகோள் போட்டார். உங்க ஊரில் பாடுற பழைய பாட்டு, கதை, விடுகதை, நம்பிக்கை எல்லாத்தையும் கேட்டபடியே எழுதி அனுப்புங்க. எந்த ஊர், ஆரு சொன்னது எண்டதையும் எழுதுங்க. காசு ஒண்டும் இல்ல. ஆனா ஆரு என்ன அனுப்பினாங்க எண்டு பத்திரிகையில் தொடர்ந்து அறிவிச்சார். தன்ட பேரை அச்சில பார்த்தவன் சும்மா இருப்பானா? ஆசிரியர், விவசாயி எண்டு கிட்டத்தட்ட 1,400 பேர் எழுதினாங்க. ஒரு இலட்சம் பக்கத்துக்கு மேல சேர்ந்தது.

அதில வந்த பழம்பாட்டுகளுக்கு ரெகிலவுல் எண்டு பேர். மோனை தட்டிவரும் சின்னச் சின்ன அடிகள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பா, மற்றவங்க திருப்பிப் பாடுவாங்க. வயல் வேலைக்கு, கல்யாணத்துக்கு, ஊஞ்சலுக்கு எண்டு தனித்தனிப் பாட்டு. எஸ்தோனியா எண்டதும் எல்லாரும் பேசுறது பாட்டு விழாவைப் பற்றி. 1988 செப்டம்பரில் சோவியத் ஆட்சிக்குள்ளேயே தலைநகர் தல்லினில் இலட்சக்கணக்கானோர் கூடிப் பாடினதும் பெரிய விசயம்தான். ஆனா 1869இல் தார்த்து நகரில் நடந்த முதல் விழாவில் பெரும்பாலும் ஜெர்மன் பாணிப் பாட்டுத்தான். கிழவிமார் வாயில இருந்ததைக் காப்பாத்தினது மேடை இல்ல, கொப்பி.

இனி நம்ம பக்கம். மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளில் கதிர் வெட்டும்போது கவி பாடினாங்க. சேனைக் காவலில் பரணிலிருந்து பாடினாங்க. நாலே அடி, மச்சானும் மச்சியும் மாறி மாறிப் பேசுற பேச்சு. கல்யாணத்துக்குக் குரவை, தொட்டிலுக்குத் தாலாட்டு. இப்ப வெட்டு மெஷின் வந்திட்டு. மெஷின் சத்தத்தில ஆரு கவி பாடுற?

வேலை நடக்கவே இல்லை எண்டு சொல்லேலாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பிச்ச ‘மட்டக்களப்பு நாட்டுப் பாடல்கள்’ 1960இல் வந்தது. (அம்பாறை தனி மாவட்டமானது 1961இல், அதுவரை நாமளும் மட்டக்களப்புத்தான்.) நிந்தவூர் எஸ். முத்துமீரான் ஊரூராய்ச் சேர்த்துப் புத்தகமாக்கினார். ஆனா தனி ஒருவர் எத்தனை முற்றத்தில்தான் போய்க் குந்துவார்? ஹுர்ட்டுக்கு 1,400 பேர் இருந்தாங்க.

நமக்கு இன்னொரு தடை, வெட்கம். காதல் கவி எண்டா “அதெல்லாம் எதுக்கு மனே இப்ப” எண்டு மூத்தம்மா வாயைப் பொத்துவா. பேர் போட வேணாம் எண்டா போடாம விடலாம். ஊர், எந்த வேலைக்குப் பாடினது, ஆரிட்டப் பழகினது, இவ்வளவும் ஃபோனில் பதிஞ்சா போதும்.

எஸ்தோனியாவின் தென்கிழக்கில் சேத்து எண்ட சனங்கள் இருக்காங்க. அவங்கட பாட்டுக்காரி அன்னெ வபர்னாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. 1927இல் அவ ‘பெக்கோ’ எண்ட காவியத்தைப் பாடினா, கிட்டத்தட்ட 8,000 அடி. பக்கத்தில இருந்து எழுதினது அவட மகன்.