மின்மாற்றிப் பழுதுகளைத் தடுப்பதில் ஸ்மார்ட் மீட்டர்களின் பங்கு
மின்பகிர்மானக் கட்டமைப்பைச் சீரமைக்க ரூ.3,03,758 கோடி மதிப்பிலான திட்டத்தை மத்திய அரசு 2021-ஆம் ஆண்டு தொடங்கியது. இதன்கீழ் வீடுகளில் மட்டுமன்றி மின்மாற்றிகளிலும் ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்படுகின்றன.

மிகைச்சுமை, மும்முனைகளிடையே சமனற்ற சுமை, எண்ணெய்க் கசிவு, ஈரப்பதம், மின்னல் ஆகியவற்றால் மின்மாற்றிகள் பழுதடைகின்றன. முதல் இரண்டையும் மீட்டர் பதிவுகள் முன்கூட்டியே உணர்த்தும். மின்மாற்றி எரியும் முன்பே சுமையைப் பிரித்தளிக்க இயலும். ஆனால், எச்சரிக்கையைக் கண்டு உரிய நேரத்தில் பணியாளர்கள் செயல்பட்டால்தான் பயன் கிட்டும். எண்ணெய்க் கசிவைக் கண்டறிய நேரடி ஆய்வு அவசியம்.

தகவல்தொடர்பு துண்டிப்பு, மென்பொருள் கோளாறு, இணையவழித் தாக்குதல் ஆகியவை எண்மமயமாக்கலால் எழும் புதிய இடர்கள். எனவே, கணினி செயலிழந்தாலும் மின்பாதைகளை நேரடியாக இயக்கும் ஏற்பாடும், மாற்று மின்மாற்றிகளின் கையிருப்பும் தொடர்ந்து தேவைப்படுகின்றன.